பேர் போட்ட பெட்டி

உள்ளறையிலிருந்து வந்த சத்தத்தில் ஒரு குறையும் இல்லை. அதனால்தான் காதுக்காரர் இன்னும் தட்டில் கை வைக்கவில்லை.

சமையலறை மேசையில் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, கழுத்தை ஒரு பக்கம் சாய்த்து, அவர் அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தார். ஹார்ட் டிஸ்க் ஒன்று சுற்றுகிற சத்தம். மூடிய கதவுக்கு அப்பால் தேனீ ஒன்று ஒரே இடத்தில் நின்று பறப்பதுபோல, சீராக, மெலிதாக, எங்கும் இடறாமல். இருபத்திரண்டு வருடமாக இந்தச் சத்தங்களோடு குடித்தனம் நடத்துகிறவர் அவர். டிக், டிக், டிக் என்று மூன்று தட்டுத் தட்டி நின்றுவிட்டால் உள்ளே படிக்கிற ஊசி போய்விட்டது. கீச்சென்று இழுத்தால் உள்ளே சுற்றுகிற தட்டில் கீறல். மூச்சே வராவிட்டால் மோட்டார் சிக்கிக்கொண்டது. அதற்கெல்லாம் ஏதோ ஒரு வைத்தியம் அவர் கையில் உண்டு. நல்லபடியாகச் சுற்றிக்கொண்டே ஒரு வார்த்தையும் தராத டிஸ்க்குக்குத்தான் மருந்து கிடையாது.

"அது பாட்டுக்குச் சுத்தட்டும். நீ முதல்ல சாப்பிடு" என்றார் எதிரே உட்கார்ந்திருந்த அக்கா. "பதினேழு நாளா சுத்துது. இந்நேரம் அதுக்கே தலை சுத்தி மயக்கம் வந்திருக்கும்."

"நல்லாத்தான் இருக்குக்கா. சத்தத்தைக் கேளேன். ஒரு சிணுங்கல் இல்ல."

"நல்லா இருக்குன்னா சிரிக்க வேண்டியதுதானே. ஏன் எழவு விழுந்த வீடு மாதிரி மூஞ்சிய வெச்சிருக்கே?"

மூன்று மணிக்கு அந்த டிஸ்க்குக்கு உரியவர்கள் வருவார்கள். வந்து உட்கார்ந்ததும் சொல்லியாக வேண்டும்.

கீழே மூக்குக்கண்ணாடிக் கடை, மேலே இவர்கள் வீடு. தெருவில் யாராவது வழி கேட்டால், "கண்ணுக்கு மேல மாடி ஏறினா காது" என்று சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைப் பார்ப்பார்கள். அந்தப் பட்டப்பெயர் ஸ்டெதாஸ்கோப்பால் வந்தது. பழுதான டிஸ்க்கை யார் கொண்டுவந்தாலும், அதைப் பஞ்சு மெத்தைபோல் மடித்த துணியில் படுக்க வைத்து, மின்சாரம் கொடுத்து, ஸ்டெதாஸ்கோப்பை அதன் முதுகில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். அந்த ஸ்டெதாஸ்கோப் அக்காவுடையது. முப்பத்தொரு வருடம் நர்ஸ் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் அக்கா. "மனுஷங்க நெஞ்சுல வெச்ச சாமானை இவன் டப்பாவுல வெக்கிறான்" என்று வருகிறவர்களிடமெல்லாம் புகார் சொல்வார். சொல்லிக்கொண்டே, வாரத்துக்கு ஒருமுறை அதைத் துடைத்து வைப்பதும் அவர்தான்.

காதுக்காரருக்கு ஐம்பது வயது. ஒட்டிய கன்னம். மற்றவர்கள் பேனா குத்துகிற சட்டைப் பையில் இவர் மூன்று குட்டி ஸ்க்ரூ டிரைவர் குத்தியிருப்பார். நகத்தைச் சதை தெரிய வெட்டியிருப்பார். டிஸ்க்கின் மூடியைத் திறக்க வேண்டிய நாள் என்றால் காலையிலிருந்தே வீட்டில் ஒரு கெடுபிடி. ஜன்னல் சாத்த வேண்டும். மின்விசிறி ஓடக் கூடாது. தலைக்குக் குளித்து, துவைத்த உடுப்பு உடுத்தி, தலையில் பிளாஸ்டிக் தொப்பி மாட்டிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். ஒரு தூசி விழுந்தால் போதும், ஒரு குடும்பத்தின் பத்து வருடப் படங்கள் போய்விடும். வியர்வை கண்ணில் இறங்கினாலும் துடைக்க மாட்டார்.

"கல்யாண மாப்பிள்ளை கூட இப்படிக் குளிக்க மாட்டான்" என்பார் அக்கா. "இவனுக்குப் பொண்ணு பார்க்கப் போனோம். அங்க கம்ப்யூட்டர் ஒண்ணு முனகிக்கிட்டு இருந்தது. காபி வர்றதுக்குள்ள அதைக் கழட்டிட்டான். பொண்ணைப் பார்த்தியாடான்னா, எந்தப் பொண்ணுங்கறான்."

அவரிடம் வருகிறவர்கள் எல்லாரும், டிஸ்க் பிழைத்தாலும் செத்தாலும், படியிறங்கும் முன் ஒரே ஒரு கேள்வி கேட்பார்கள். "அடுத்தது எந்தக் கம்பெனி வாங்கலாம்? பெரிய கம்பெனின்னா விலை கூடப் போட்டிருக்கான். அவ்வளவு கொடுக்கலாமா?"

எத்தனையோ வருடமாக அவரிடம் அதற்கு ஒரே பதில்தான் இருந்தது. "பேர்ப்பெட்டி வாங்குங்க. மொட்டைப்பெட்டி பக்கம் போகாதீங்க."

மேலே கம்பெனிப் பெயர் அச்சிட்டு, முத்திரை ஒட்டி, விலை கூட வைத்து விற்பது பேர்ப்பெட்டி. பெயரும் இல்லாமல் ஊரும் இல்லாமல் பாதி விலைக்கு வருவது மொட்டைப்பெட்டி. கம்பெனிகளை அவர் ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. இந்த இரண்டே சாதிதான் அவருக்கு. ஒருமுறை பல் டாக்டர் ஒருவர் கொண்டுவந்த மொட்டைப்பெட்டி பேச மறுத்தது. திருகாணியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே டிஸ்க்கே இல்லை. விரல் நகம் அளவுக்கு ஒரு மெமரி கார்டு, அதன் பக்கத்தில் கனம் காட்டுவதற்காகப் பசை போட்டு ஒட்டிய இரண்டு இரும்பு நட்டுகள். டாக்டர் அழவும் முடியாமல் சிரிக்கவும் முடியாமல் உட்கார்ந்திருந்தார். "பல் பிடுங்கினாலாவது வாயில ஓட்டை தெரியும் சார். இவன் ஓட்டையை மூடிக் கொடுத்திருக்கான்" என்றார் காதுக்காரர். அன்றிலிருந்து பேர்ப்பெட்டி மேல் அவருக்கு இருந்தது நம்பிக்கை மட்டும் அல்ல, ஒருவிதப் பிடிவாதம்.

அந்தப் பிடிவாதம்தான் நான்கு வருடத்துக்கு முன் ஏலக்காரரின் கையில் ஒரு பெட்டியை எடுத்துக் கொடுத்தது.

ஏலக்காரரை அந்த ஊர் காய்கறிச் சந்தையில் தெரியாதவர் கிடையாது. விடியற்காலையில் லாரிகள் வந்து நின்றதும், மூட்டை மேல் ஏறி நின்று அவர் குரல் கொடுத்தால் சந்தையின் அந்தக் கோடியில் தூங்குகிறவன் எழுந்து உட்காருவான். ஒவ்வொரு வரியையும் கொஞ்சம் இழுத்து, கடைசி எழுத்தை மேலே தூக்கி நிறுத்தி, கீழே விடாமல் வைத்திருப்பார். விலை அதில் தொங்கிக்கொண்டிருக்கும். அந்தத் தொண்டையில்தான் கட்டி வந்தது. குரல்வளையையே எடுத்துவிட வேண்டும் என்று டாக்டர்கள் நாள் குறித்தார்கள். முப்பத்தொரு நாள் இருந்தது.

அன்று மாடியேறி வந்தவர் இதே மேசைக்கு எதிரே உட்கார்ந்து, கரகரத்துப்போன குரலில் கேட்டார். "நாற்பது வருஷம் ஏலம் விட்டவன் தம்பி. பொருளைப் பார்த்தாலே எவ்வளவுக்குப் போகும்னு சொல்லிடுவேன். இதுக்கு மட்டும் எனக்கு விலை தெரியல. என் குரலைப் பதிஞ்சு வெக்கணும். எதுல போட்டா போகாது?"

காதுக்காரர் பேர்ப்பெட்டியை எடுத்து வைத்தார். "இது பத்து வருஷம் அசையாது அண்ணே."

"இந்த விலைக்கு அந்த மொட்டை ரெண்டு வருமே. ரெண்டுலயும் ஒண்ணு ஒண்ணு போட்டு வெச்சா?"

"இது இருக்கும்போது எதுக்கு ரெண்டு?"

இந்த ஒரு வரியைத்தான் இந்தப் பதினேழு நாளும் காதுக்காரர் மனத்துக்குள் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். குளிக்கும்போது கேட்டது. தூங்கப் போனால் தலையணைக்கு அடியிலிருந்து கேட்டது. எதற்கும் இரண்டு பிரதி வேண்டும் என்பது அவர் தொழிலில் அரிச்சுவடி. செத்த டிஸ்க்குகளின் நடுவிலேயே உட்கார்ந்திருக்கிற மனிதர், அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த ஒரு பெயரைப் பார்த்து அதை மறந்துபோனார். வாழ்நாள் முழுக்கப் பேரம் பேசிய ஏலக்காரர் அன்று மட்டும் பேரம் பேசவில்லை. சொன்ன விலையைக் கொடுத்து, பெட்டியைக் குழந்தையைத் தூக்குவதுபோல் இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு போனார்.

மணி மூன்றானபோது கதவு தட்டப்பட்டது.

முதலில் ஏலக்காரரின் மனைவி உள்ளே வந்தார். அறுபது வயதைத் தாண்டிய, கெட்டியான உடம்பு. கையில் துணிப்பை. பின்னால் ஏலக்காரர். கழுத்தில் இருந்த ஓட்டையை மறைத்து வெள்ளைத் துணி கட்டியிருந்தார். கக்கத்தில் ஒரு பள்ளிக்கூடச் சிலேட்டு.

"வயர் எல்லாம் கொண்டாரச் சொன்னீங்களே தம்பி. வீட்டுல இருக்கற அத்தனையும் அள்ளிப் போட்டுக்கிட்டு வந்துட்டேன். கொடி கட்டித் துணி காயப் போடலாம்." பையை மேசை மேல் கவிழ்த்தார் அந்த அம்மாள். "என்ன, பேசுதா?"

"உட்காருங்கம்மா. ஒரு நிமிஷம்."

"உட்கார்றேன். முதல்ல இந்தக் கதையைக் கேளுங்க. நீங்க பெட்டியை வெச்சுக்கிட்டதிலிருந்து வீட்டுல போன்தான் பேசுது. இவரு எழுதுவாரு, அது படிக்கும். எனக்குத்தான் எழுத்துத் தெரியாதே. ஆனா அது பொம்பளைக் குரல் தம்பி. 'தண்ணி கொண்டா'ங்குது. யாருடி நீ, என் வீட்டுல உட்கார்ந்துக்கிட்டு என்னைய வேலை ஏவுறதுன்னு கேட்கத் தோணுது. வயசான காலத்துல இவரு இன்னொருத்தியைக் கூட்டிக்கிட்டு வந்த மாதிரி இருக்கு."

அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்து நின்று சிரித்தார். ஏலக்காரரும் சிரித்தார். அவர் சிரித்தால் தோள் மட்டும் குலுங்கும், கழுத்துத் துணி கொஞ்சம் புடைத்து அடங்கும். சத்தம் வராது.

நான்கு வருடமாக அந்த வீட்டில் புருஷன் பெண்டாட்டி பேச்சு அந்தப் பெட்டி வழியாகத்தான் நடந்தது. முப்பத்தொரு நாளில் நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியம் பேசி வைத்திருந்தார் ஏலக்காரர். எழுந்ததும் சொல்வது, சாப்பாட்டுக்கு உட்கார்ந்தால் சொல்வது, கோபம் வந்தால் சொல்வது, கோபம் தணிந்தால் சொல்வது. கம்ப்யூட்டர் திரையில் தேவையானதை அவர் தொட்டால், பழைய குரலில் வீடு நிறையும். மனைவிக்கு நானூற்றுப் பன்னிரண்டும் மனப்பாடம். ஒருநாள் காலையில் தொட்டார், வரவில்லை.

காதுக்காரர் வயர்க் குவியலுக்குள் கையை விட்டார். பெட்டிக்குள் போர்டு கருகியிருந்த விதத்தைப் பார்த்து அவருக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அது உறுதியாகக் கூடாதே என்று நினைத்தபடிதான் துழாவினார். கறுப்பாக, கையடக்கமாக இரண்டு அடாப்டர்கள் அகப்பட்டன. அச்சில் வார்த்த இரட்டைப் பிள்ளைகள்போல இருந்தன. வயர் நுனியில் ஒரே அளவு ஓட்டை.

"இது ரெண்டுல எது பெட்டிக்குப் போடறதும்மா?"

"ஒண்ணு பெட்டிக்கு. இன்னொண்ணு இவரு கழுத்துக்கு ஆவி பிடிக்கற மெஷினுக்கு." அந்த அம்மாள் இரண்டையும் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதுவா? இல்ல, இதுவா இருக்கும். ரெண்டும் ஒண்ணு போலத்தான் இருக்கு. பெட்டி பேசாமப் போனதுக்கு முந்தின நாள் ராத்திரிதான் மேசை பூரா தூசியா இருக்கேன்னு எல்லாத்தையும் பிடுங்கித் துடைச்சேன். இவரு படுத்திருந்தாரு. எழுந்தா பேசறதுக்கு வேணுமேன்னு நானே எல்லாத்தையும் மாட்டிட்டேன். கச்சிதமா உள்ள போச்சு."

காதுக்காரர் அடாப்டர்களை முதுகுப் பக்கம் திருப்பினார். எறும்பு வரிசைபோல் பொடி எழுத்து. ஒன்றில் பன்னிரண்டு வோல்ட், மற்றதில் இருபத்து நான்கு. ஆவி மெஷினின் மின்சாரம் பெட்டிக்குள் பாய்ந்திருக்கிறது. டிஸ்க்குக்கு ஒன்றும் ஆகவில்லை. பெட்டியின் போர்டும், அதிலிருந்த அரிசி அளவு சிப் ஒன்றும் கருகிவிட்டன. அந்தச் சிப்பில்தான் சாவி. பேர் போட்ட கம்பெனிக்காரன், திருட்டுப் போனாலும் யாரும் படிக்கக் கூடாது என்று, உள்ளே எழுதுவதையெல்லாம் பூட்டுப் போட்டு எழுத வைத்திருந்தான். கூடுதல் விலையில் அந்தப் பூட்டும் சேர்த்தி. மொட்டைப்பெட்டியில் பூட்டு கிடையாது. அதுவாக இருந்தால், டிஸ்க்கை மட்டும் கழற்றி வேறு பெட்டியில் போட்டு, பத்தே நிமிடத்தில் ஏலக்காரரைப் பேச வைத்திருக்கலாம். இதில் பழைய சாமான் சந்தையெல்லாம் அலைந்து அதே மாதிரி போர்டு வாங்கிப் போட்டுப் பார்த்தாயிற்று. நானூற்றுப் பன்னிரண்டு வாக்கியமும் ஒன்று குறையாமல் உள்ளே இருக்கின்றன. திறக்கிற சாவி இந்த உலகத்தில் இல்லை.

தலையை நிமிர்த்தினார். ஏலக்காரர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அடாப்டரின் முதுகைக் காதுக்காரர் படித்தபோது, அவர் முகத்தை ஏலக்காரர் படித்திருந்தார். வாங்குகிறவன் மனத்தில் என்ன இருக்கிறது என்று கண் அசைவில் கண்டுபிடித்தே வாழ்ந்த ஆள்.

சிலேட்டை எடுத்து எழுதி நீட்டினார். 'மாற்றிப் போட்டதாலா?'

வாயால் சொல்ல முடியாத கேள்வி. காதுக்காரர் சாக்குக்கட்டியை வாங்கி அதற்குக் கீழேயே எழுதினார். 'ஆமாம்.'

'ஒன்று கூடக் கிடைக்காதா?'

'கிடைக்காது அண்ணே.'

"இதென்ன கூத்து?" என்றார் அந்த அம்மாள், ஒருவர் முகத்திலிருந்து இன்னொருவர் முகத்துக்குப் பார்வையை மாற்றியபடி. "இவருக்குத்தான் வாய் இல்ல. உங்களுக்கு என்ன தம்பி வந்தது? ரெண்டு பேரும் பள்ளிக்கூடம் நடத்துறீங்களா?"

ஏலக்காரர் உள்ளங்கையால் சிலேட்டை அழுத்தித் துடைத்தார். மறுபடி எழுதினார். இம்முறை எழுத்து கோணியது. 'அவள் கை என்று அவளுக்குத் தெரியக் கூடாது. செத்துப்போவாள்.'

"என்ன எழுதியிருக்காரு? படிங்க தம்பி."

காதுக்காரர் சிலேட்டைப் பார்த்தார். அந்த அம்மாள் அவர் வாயைப் பார்த்தார். எழுத்துத் தெரியாதவர்கள் படிக்கிறவர்களின் வாயைப் பார்க்கும் பார்வை அது, முழு நம்பிக்கையோடு. செத்துப்போன எந்த டிஸ்க்கைப் பற்றியும் அவர் இன்றுவரை பொய் சொன்னதில்லை. பெற்ற பிள்ளையின் படங்கள் இருந்த டிஸ்க்கைத் தண்ணீரில் போட்ட தாயிடமும், "தண்ணியில போட்டது நீங்கதான்" என்று முகத்துக்கு நேரே சொன்னவர். அதற்காக அக்காவிடம் மூன்று நாள் திட்டு வாங்கியவர்.

"'எதனால போச்சு, மறைக்காம சொல்லு'ன்னு கேட்கிறார்" என்றார்.

அந்த அம்மாளின் கை மடியில் அப்படியே நின்றது. "போச்சா?"

"போச்சும்மா. எல்லாம் செஞ்சு பார்த்துட்டேன். வராது."

உள்ளறையில் டிஸ்க் இன்னும் சுற்றிக்கொண்டிருந்தது. அக்கா போய் அதன் சுவிட்சை அணைத்துவிட்டு வந்தார்.

"எதனால?" என்று கேட்டார் அந்த அம்மாள். குரல் இறங்கியிருந்தது. "நான் துடைச்ச மறுநாள்தான் போச்சு. தண்ணி கிண்ணி பட்டிருக்குமா? ஈரத்துணிதான். நல்லாப் பிழிஞ்சுட்டுத்தான் துடைச்சேன். ராத்திரியெல்லாம் அதே நினைப்பு தம்பி. நான் ஏதாவது பண்ணிட்டேனா?"

ஏலக்காரர் காதுக்காரரின் முழங்காலை மேசைக்கு அடியில் பிடித்தார். மூட்டை தூக்கிப் பழகிய கை. வலித்தது.

"நீங்க ஒண்ணும் பண்ணலம்மா. பெட்டி சரியில்ல. கம்பெனிக்காரன் பேரைப் போட்டு விலையை ஏத்தியிருக்கான். உள்ள வேண்டாத பூட்டெல்லாம் வெச்சிருக்கான். பாதி விலைக்கு வித்த மொட்டைப்பெட்டியா இருந்தா இன்னைக்கு எடுத்துக் கொடுத்திருப்பேன்."

"பாதி விலைக்கா?"

"ஆமாம்மா."

"அதைத்தானே இவரு கேட்டாரு. ரெண்டு வாங்கிக்கறேன்னாரே. நீங்கதானே இதை வாங்கச் சொன்னீங்க." சத்தம் மெல்ல ஏறியது. "வீட்டுக்கு வந்து என்கிட்ட சொன்னாரு, படிச்ச பிள்ளை சொல்லுது, இது போதும்னு. உங்க வார்த்தையை நம்பித்தான் இவரு தொண்டையைக் கிழிச்சுக்கிட்டுப் பேசினாரு. ரத்தம் வரும் தம்பி. துப்பிட்டு மறுபடி பேசுவாரு. நான்தான் பக்கத்துல கிண்ணம் பிடிச்சுக்கிட்டு நின்னேன்."

"நான் சொன்னதுதான் தப்பும்மா."

"தப்புன்னு சொன்னா ஆச்சா?"

"ஆகாதும்மா."

"விடாதீங்க, நல்லாக் கேளுங்க" என்றார் அக்கா வாசற்படியில் நின்றபடி. அடாப்டர் இரண்டையும் அவர் பார்த்திருந்தார். தம்பியின் முகத்தையும் பார்த்திருந்தார். "சின்ன வயசுலேர்ந்தே இவன் இப்படித்தான். தனக்குத்தான் எல்லாம் தெரியும்னு நெனப்பு. இவன் பேச்சைக் கேட்டு நானும் எத்தனையோ நாசம் பண்ணியிருக்கேன்."

அந்த அம்மாள் இன்னும் கொஞ்சம் திட்டினார். சந்தை பூராவும் சொல்லப்போவதாகச் சொன்னார். இனி ஒரு ஆள் இந்தப் படி ஏற மாட்டான் என்றார். திட்டத் திட்ட அவர் முகத்திலிருந்து எதுவோ இறங்கிக்கொண்டே வந்தது. பதினேழு ராத்திரியாக ஈரத்துணியைப் பிழிந்துகொண்டிருந்த அந்தக் கை மெல்லத் தளர்ந்தது. கடைசியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "தண்ணி கொடுங்கம்மா" என்று அக்காவிடம் கையை நீட்டினார். ஏலக்காரர் முழங்காலிலிருந்து கையை எடுத்தார்.

பிழைக்காத டிஸ்க்கைத் திருப்பித் தரும்போது, எதனால் போயிற்று என்று ஒரு வெள்ளைத் துண்டுக் காகிதத்தில் எழுதி அதன் முதுகில் ஒட்டித் தருவது காதுக்காரரின் வழக்கம். 'கீழே விழுந்தது.' 'இடி.' 'எறும்பு.' 'அவசரம்.' அந்த அம்மாளுக்கும் அது தெரிந்திருந்தது.

"இதுக்கும் எழுதி ஒட்டுங்க. பேத்தி லீவுக்கு வருவா. படிக்கச் சொல்றேன். எங்க தப்பு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியட்டும்."

பேனாவை எடுத்தவர் காகிதத்தின் மேல் அதை வெகுநேரம் வைத்திருந்தார். வாயால் சொன்னது காற்றோடு போகும், இது போகாது. பிறகு ஒரே மூச்சில் எழுதி, ஒட்டி, விரலால் அழுத்தித் தேய்த்து, பெட்டியை ஏலக்காரரிடம் கொடுத்தார்.

ஏலக்காரர் படித்தார். 'விற்றவனை நம்பியது.'

மூட்டை மேல் நின்று எத்தனையோ பேரின் கடைசி விலையைக் கேட்டவர், அந்த மூன்றங்குலக் காகிதத்தை மட்டும் இரண்டு தடவை படித்தார். சிலேட்டைத் தேடவில்லை. எழுந்து, பெட்டியைத் துணிப்பையில் வைத்து, ஆவி மெஷின் அடாப்டரைத் தன் சட்டைப் பையில் தனியாகப் போட்டுக்கொண்டார்.

"சரி, வரோம்" என்றார் அந்த அம்மாள். வாசல் வரை போனவர் நின்றார். கோபமெல்லாம் வடிந்த, வெறுமையான குரலில் கேட்டார். "இனிமே ஒண்ணு வாங்கறதுன்னா எதை வாங்கணும் தம்பி?"

இனிமேல் அதில் போட்டு வைக்க அந்த வீட்டில் என்ன இருக்கிறது என்று அந்த அம்மாள் யோசிக்கவில்லை. அந்தப் படி ஏறியவர்கள் எல்லாரும் கேட்டுப் பழகிய கேள்வி, வாயில் வந்துவிட்டது. பதிலுக்கும் காத்திருக்கவில்லை. புருஷனின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கத் தொடங்கினார்.

கதவைப் பாதி திறந்தபடி பிடித்துக்கொண்டு நின்றார் காதுக்காரர். இரண்டு பேரின் காலடி கேட்டது. குரல் ஒன்றுதான் கேட்டது.

"மெதுவா வா. கைப்பிடியைப் பிடிச்சுக்கோ." கொஞ்சம் இழுத்து, கடைசி எழுத்தை மேலே தூக்கி நிறுத்தி, சந்தையில் புருஷன் ஏலம் கூறிய ராகத்தில் சொன்னது அந்த அம்மாளின் குரல்.

இரண்டு படி கழித்து, தன் சொந்த ராகத்தில் அதுவே பதிலும் சொன்னது. "பிடிச்சுக்கிட்டேங்க. நீங்க பார்த்து இறங்குங்க."

கடைசிப் படி வரை கேட்டார். தெருச் சத்தம் அந்தக் குரலை வாங்கிக்கொண்டதும், தாழ்ப்பாள் ஓசை எழாமல் விரலால் தாங்கிப் பிடித்து, கதவைச் சாத்தினார்.